ஏசி அனாலிசிஸில் சரி, டிரான்சியன்ட்டில் மேல்பாதி மட்டும் தட்டையாகிறது: எஃப்டிஏ சிமுலேஷனில் உதவி தேவை

கம்பிவலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஃபுல்லி டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக எஃப்டிஏ) ஒன்றை எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ±10 வோல்ட் சிங்கிள்-எண்டட் சிக்னலை டிஃபரன்ஷியலாக்கி 16 பிட் எஸ்ஏஆர் ஏடிசிக்கு (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் ஐசி) கொடுக்க வேண்டும். கம்பெனி ப்ராஜெக்ட் என்பதால் ஐசியின் எண்ணைப் போட முடியாது. மற்ற விவரங்கள் இதோ.

சப்ளை 3.3 வோல்ட், ஒற்றை. விஓசிஎம் பின்னில் (அவுட்புட் இரண்டின் சராசரியை நிர்ணயிப்பது) 1.65 வோல்ட். ஆர்ஜி (இன்புட் ரெசிஸ்டர்) இரண்டும் 4 கிலோ ஓம், ஆர்எஃப் (ஃபீட்பேக் ரெசிஸ்டர்) இரண்டும் 1 கிலோ ஓம். அதாவது கெயின் 0.25. சிக்னல் ஒரு ஆர்ஜி வழியாக வருகிறது, இன்னொரு ஆர்ஜி கிரவுண்டில்.

ஏசி அனாலிசிஸில் −12.04 டெசிபெல், மெகாஹெர்ட்ஸ் தாண்டியும் தட்டையாகவே போகிறது. டிரான்சியன்ட்டில் (நேரத்தோடு அலை மாறுவதைப் பார்க்கும் ஓட்டம்) 100 மில்லிவோல்ட் ஸ்டெப் கொடுத்தால் அதுவும் நன்றாக இருக்கிறது. ஆனால் 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை முழு ±10 வோல்ட்டுக்குக் கொடுத்தால், இன்புட் சுமார் 8 வோல்ட்டை நெருங்கும்போதே அவுட்புட் தட்டையாகிவிடுகிறது. கீழ்ப்பாதியில் எந்தக் கோளாறும் இல்லை, −10 வரை ஒழுங்காகப் போகிறது.

என் கணக்குப்படி அவுட்புட் ஒவ்வொன்றும் 0.4 முதல் 2.9 வோல்ட்டுக்குள்தான் ஆட வேண்டும். இரண்டு ரயிலுக்கும் (சப்ளையின் இரு முனை, 0-வும் 3.3-உம்) 0.2 வோல்ட் அருகே வரை போகும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. அப்புறம் ஏன் மேலே மட்டும் வெட்டுகிறது? மாடல் ஃபைலில் பிழையா?

---

நோடுவோல்டேஜ் எழுதியது:

மாடல்மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் நாலு அலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். அவுட்புட் இரண்டின் வித்தியாசம். அவுட்புட் இரண்டின் சராசரி. அப்புறம் ஐசியின் இன்புட் பின்கள் இரண்டும், தனித்தனியாக. பெரும்பாலானவர்கள் வித்தியாசத்தை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்து யோசிக்கிறார்கள். எஃப்டிஏ-வில் கோளாறு பாதிக்குமேல் சராசரியிலோ இன்புட் பின்னிலோதான் முதலில் தெரியும்.

டேட்டாஷீட்டில் இன்புட் காமன்-மோடு ரேஞ்ச் (இன்புட் பின்கள் இரண்டும் சேர்ந்து எந்த வோல்டேஜ் வரை போகலாம் என்பது) என்ன என்பதையும் போடுங்கள்.

---

கம்பிவலை எழுதியது:

போட்டுப் பார்த்தேன். அவுட்புட் சராசரி பெரும்பகுதி 1.65-லேயே நிற்கிறது, வெட்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நகர்கிறது. இன்புட் பின்கள் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. சிக்னல் இல்லாதபோது 1.32 வோல்ட், கீழே 0.32 வரை போகிறது, மேலே 2.1 அருகே போய் முட்டுகிறது. சரியாக அங்கேதான் அவுட்புட்டும் தட்டையாகிறது.

டேட்டாஷீட்டில் இன்புட் காமன்-மோடு: கீழ் ரயிலுக்கு 0.2 வோல்ட் கீழே தொடங்கி, மேல் ரயிலுக்கு 1.2 வோல்ட் கீழே வரை.

---

பழையஸ்கோப் எழுதியது:

விடை உங்கள் கையிலேயே இருக்கிறது தம்பி. 3.3-இல் 1.2 கழித்தால் 2.1. இன்புட் பின் அதற்குமேல் போகக் கூடாது, உங்கள் சர்க்யூட் போகச் சொல்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிரவுண்டில் இருக்கும் ஆர்ஜி பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இன்புட் பின், நேர் அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே உள்ள ஒரு சாதாரண டிவைடரின் நடுப்புள்ளி. மேலே 1 கிலோ ஓம், கீழே 4 கிலோ ஓம். ஆக, அவுட்புட்டில் 0.8 பங்கு அங்கே வரும். சிக்னல் இல்லாதபோது 1.65 × 0.8 = 1.32. நீங்கள் பார்த்தது அதுதான். இன்புட் +10 வோல்ட்டில் நேர் அவுட்புட் 2.9, பின் 2.32. எல்லை 2.1. எந்த இன்புட்டில் எல்லை வருகிறது? 2.1-ஐ 0.8-ஆல் வகுத்தால் அவுட்புட் 2.625. அதாவது 1.65-இலிருந்து 0.975 மேலே. வித்தியாசம் அதைப்போல் இரண்டு மடங்கு, 1.95. கெயின் 0.25-ஆல் வகுத்தால் இன்புட் 7.8 வோல்ட். "சுமார் 8" என்று எழுதியிருக்கிறீர்கள். மாடல் சரியாகத்தான் வேலை செய்கிறது.

இனி ஏசி ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பது. பெர்க்லியில் லாரன்ஸ் நேகல் 1973-இல் ஸ்பைஸை வெளியிட்ட காலத்திலிருந்து இன்றுவரை ஏசி அனாலிசிஸின் வழி மாறவில்லை. முதலில் டிசி ஆப்பரேட்டிங் பாயிண்ட்டைக் கண்டுபிடிக்கும். அந்த ஒரு புள்ளியில் எல்லா டிவைஸையும் நேர்கோடாக்கிவிடும். அப்புறம் அந்த நேர்கோட்டு சர்க்யூட்டைத்தான் ஃப்ரீக்வென்சி ஃப்ரீக்வென்சியாகத் தீர்க்கும். உங்கள் ஆப்பரேட்டிங் பாயிண்ட்டில் பின் 1.32-இல் நிம்மதியாக இருக்கிறது. நீங்கள் ஏசி சோர்ஸை 1 வோல்ட் போட்டாலும் ஆயிரம் வோல்ட் போட்டாலும் அதற்கு எந்த ரயிலும் தெரியாது, எந்த எல்லையும் தெரியாது. 100 மில்லிவோல்ட் ஸ்டெப்பும் கிட்டத்தட்ட அதே கதைதான், பின் பத்து மில்லிவோல்ட்தான் அசையும்.

எஃப்டிஏ-வுக்கு முழு அளவு டிரான்சியன்ட் ஓட்டாமல் போர்டு வரையக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அதுவும் இன்புட் இரு முனைக்கும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டியிருந்தால் உங்கள் கீழ்ப்பாதியைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள்.

---

மூன்றாமாண்டு_ஈசிஇ எழுதியது:

சார், ஒரு அடிப்படைச் சந்தேகம். ஆப்ஆம்பில் இன்வர்ட்டிங் இணைப்பில் இன்புட் பின் வர்ச்சுவல் கிரவுண்ட், அசையவே அசையாது என்று படித்தோம். இங்கேயும் இரண்டு பக்கமும் ஆர்எஃப், ஆர்ஜி என்று இன்வர்ட்டிங் மாதிரிதானே இருக்கிறது? அப்புறம் பின்கள் ஏன் ஒரு வோல்ட் ஏறி இறங்குகின்றன?

---

பழையஸ்கோப் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அங்கே பின் அசையாததற்குக் காரணம், இன்னொரு பின்னை நீங்கள் கிரவுண்டில் கட்டிவைத்திருப்பதுதான். ஃபீட்பேக் செய்வது ஒரே வேலை: இரண்டு பின்னையும் ஒரே வோல்டேஜில் வைப்பது. ஒன்று கிரவுண்டில் இருந்தால் மற்றதும் அங்கேயே நிற்கும். எஃப்டிஏ-வில் எந்தப் பின்னும் கட்டப்படவில்லை. இரண்டும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. எந்த வோல்டேஜில் சமமாக இருப்பது என்பதை டிவைடர் முடிவு செய்யும்.

இன்புட்டையும் டிஃபரன்ஷியலாகவே கொடுத்தால், ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் அதே அளவு இறங்கும், பின்கள் ஓரிடத்தில் நிற்கும். சிங்கிள்-எண்டட் கொடுக்கும்போது சிக்னலில் பாதி காமன்-மோடாகவும் உள்ளே வருகிறது. பின் ஆடுவது அதனால்தான். ஓர் உபரித் தகவல்: சோர்ஸுக்குத் தெரியும் இன்புட் ரெசிஸ்டன்ஸும் இதனால் வெறும் ஆர்ஜி இல்லை. இந்த சர்க்யூட்டில் 4 கிலோ ஓமுக்குப் பதில் சுமார் 4.44 கிலோ ஓம் வரும். டிரான்சியன்ட்டில் சோர்ஸ் கரண்டை அளந்து வகுத்துப் பாருங்கள், நேராகப் புரியும்.

---

நோடுவோல்டேஜ் எழுதியது:

தீர்வுக்கு வருவோம். சப்ளையை 5 வோல்ட் ஆக்கி விஓசிஎம்மை 2.5-க்குக் கொண்டுபோனால் பின் அதிகபட்சம் 3.0, எல்லை 3.8. பிரச்சினை முடிந்தது.

---

கம்பிவலை எழுதியது:

போர்டில் 3.3 மட்டும்தான் இருக்கிறது. 5 வோல்ட் கொண்டுவர வேண்டுமென்றால் இன்னொரு கன்வெர்ட்டர் வேண்டும், இடமில்லை. ஏடிசியும் 3.3-இல் ஓடுகிறது. விஓசிஎம்மைக் கொஞ்சம் இறக்கினால் போதாதா?

---

பழையஸ்கோப் எழுதியது:

இறக்கிப் பாருங்கள், இடம் போதாது. 1.35-க்கு இறக்கினால் மேலே பின் 2.08, மயிரிழையில் தப்பிக்கும். ஆனால் கீழே அவுட்புட் 0.1 வோல்ட் வரை போக வேண்டும், உங்கள் ஐசிக்கு 0.2 வேண்டும். ஒரு பக்கத்தைக் காப்பாற்ற மறுபக்கம் போய்விடும்.

வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு இன்புட் பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 4 கிலோ ஓம் போடுங்கள். அதை ஆர்பி என்போம். ஆர்ஜிக்கு இணையாக அது சேர்வதால் டிவைடரின் கீழ்க்கை 2 கிலோ ஓம் ஆகிறது. 0.8 என்பது 0.667 ஆகும். +10 வோல்ட்டில் பின் 2.9 × 0.667 = 1.93. எல்லைக்குள் வந்துவிட்டது. −10-இல் 0.27, அதுவும் சரி.

சிக்னல் கெயின் மாறாது, ஏனென்றால் இரண்டு பின்னும் சமம், இரண்டு ஆர்பியிலும் ஓடும் கரண்டும் சமம். வித்தியாசத்தில் அது அடிபட்டுப் போகிறது. விலை என்ன? நாய்ஸ் கெயின் 1.25-இலிருந்து 1.5 ஆகிறது. ஆம்ப்ளிஃபயரின் சொந்த நாய்ஸ் அவுட்புட்டில் 20 சதவீதம் கூடும், பேண்ட்வித் கொஞ்சம் குறையும். 10 கிலோஹெர்ட்ஸ் வேலைக்கு இரண்டும் தாங்கும். ரெசிஸ்டர்களை 0.1 சதவீதத்தில் வாங்குங்கள், இப்போது பொருந்த வேண்டிய ஜோடி மூன்று.

---

கம்பிவலை எழுதியது:

ஆர்பி போட்டு ஓட்டினேன். ±10 வோல்ட் முழுவதும் சுத்தமான சைன். பின்கள் 0.27-க்கும் 1.93-க்கும் நடுவே. மிக்க நன்றி சார், இரண்டே ரெசிஸ்டரில் முடியும் என்று எதிர்பார்க்கவில்லை.

---

அரைஎல்எஸ்பி எழுதியது:

சோர்ஸ் ரெசிஸ்டன்ஸை சிமுலேஷனில் போட்டீர்களா? ஐடியல் வோல்டேஜ் சோர்ஸாக விட்டிருந்தால் ஒரு 50 ஓம் தொடரில் சேர்த்து, இன்புட் பூஜ்ஜியத்தில் அவுட்புட் வித்தியாசத்தைப் பாருங்கள். ஆர்பியோடு என் கணக்கில் 3.4 மில்லிவோல்ட் வருகிறது. உங்கள் ஃபுல் ஸ்கேல் 5 வோல்ட் என்றால் 16 பிட்டில் ஓர் எல்எஸ்பி (ஏடிசியின் மிகச் சிறிய படி) 76 மைக்ரோவோல்ட். ஆக 45 எல்எஸ்பி ஆஃப்செட்!

இது எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு பக்கம் ஆர்ஜி 4.05 கிலோ ஓம், மறுபக்கம் 4. இரண்டு டிவைடரும் சமமில்லாததால் விஓசிஎம்மின் 1.65 வோல்ட்டில் ஒரு துளி வித்தியாசமாக மாறிவிடுகிறது. கிரவுண்டு பக்க ஆர்ஜியோடும் 50 ஓம் சேர்த்தால் போய்விடும். சோர்ஸ் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் காலிபிரேஷனிலும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விஓசிஎம்மில் ரிப்பிள் இருந்தால் அதுவும் இதே வழியில் சிக்னலுக்குள் வரும், அதைக் கழிக்க முடியாது. அதனால் பொருத்திவிடுவதே நல்லது.

---

கம்பிவலை எழுதியது:

பார்த்தேன், 3.4 வந்தது. 50 ஓம் சேர்த்ததும் போய்விட்டது.

அடுத்த கட்டம். ஏடிசிக்கு முன்னால் ஒவ்வொரு காலிலும் 22 ஓம், 2.7 நானோஃபாரட் வைத்து முழு ஸ்டெப் கொடுக்கிறேன். செட்டிலிங் நேரம் (அவுட்புட் இறுதி மதிப்பில் அடங்க ஆகும் நேரம்) எடுக்க வேண்டும். ஆனால் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோணல்மாணலாக, நேர்கோட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் செட்டிலிங் நேரம் வேறு வேறாக வருகிறது. எதை நம்புவது?

---

அரைஎல்எஸ்பி எழுதியது:

இப்போதைக்கு எதையும் நம்பாதீர்கள். 16 பிட் செட்டிலிங் பார்க்க சிமுலேட்டரின் இயல்பு அமைப்புகள் போதாது.

முதலில் கம்ப்ரஷன். எல்டிஸ்பைஸ் அலையை டிஸ்க்கில் எழுதும்போது சுருக்கி எழுதுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு விலகலைப் பொருட்படுத்தாமல் புள்ளிகளை நீக்கிவிடும். நீங்கள் பார்க்கும் கோணல் துண்டுகள் அதுதான். ஆப்ஷன்ஸ் வரியில் பிளாட்வின்சைஸைப் பூஜ்ஜியமாக்குங்கள்.

இரண்டாவது, மேக்ஸிமம் டைம்ஸ்டெப்பைக் காலியாக விடாதீர்கள். உங்கள் டைம் கான்ஸ்டன்ட் 22 × 2.7 = 59 நானோசெகண்ட். ஆம்ப்ளிஃபயரின் உள்ளே அதைவிட வேகமான போல்கள் (சிக்னலைத் தாமதப்படுத்தும் ஆர்சி போன்ற கட்டங்கள்) இருக்கும். அரை நானோசெகண்ட் போடுங்கள்.

மூன்றாவது, ரெல்டால், அதாவது சிமுலேட்டர் அனுமதிக்கும் சார்புப் பிழை. இயல்பாக ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் தேடுவது 65,536-இல் ஒரு பங்கு. சிமுலேட்டர் "போதும்" என்று நிறுத்தும் இடமே உங்கள் எல்எஸ்பியைவிடப் பெரிதாக இருந்தால் என்ன அளப்பீர்கள்? லட்சத்தில் ஒரு பங்குக்கோ அதற்குக் கீழோ இறக்குங்கள். ஓடும் நேரம் கூடும், பரவாயில்லை.

பல்ஸ் சோர்ஸில் ரைஸ் டைமைப் பூஜ்ஜியம் என்று விட்டால் சிமுலேட்டர் தானாக ஒரு மதிப்பைப் போட்டுக்கொள்ளும், அது நீங்கள் நினைத்ததாக இருக்காது. 1 நானோசெகண்ட் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தபின் கையால் ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். அரை எல்எஸ்பிக்குள் வர 17 பிட் அளவு தேய வேண்டும், அதாவது 11.8 டைம் கான்ஸ்டன்ட். வெறும் ஆர்சிக்கு மட்டும் 700 நானோசெகண்ட். அதன் முன்னால் ஸ்லூ நேரம் (ஐசி தன் அதிகபட்ச வேகத்தில் ஏறும் நேரம்). உதாரணத்துக்கு ஏடிஏ4940 மாதிரி மைக்ரோசெகண்டுக்கு 95 வோல்ட் ஓடும் ஐசி என்றால் 5 வோல்ட் வித்தியாசத்துக்குச் சுமார் 53 நானோசெகண்ட். சிமுலேஷன் 700-க்குக் கீழே காட்டினால் எங்கோ அமைப்பு தவறு. 2 மைக்ரோசெகண்ட் காட்டினால் லூப்பைப் பாருங்கள்.

---

கம்பிவலை எழுதியது:

அமைப்புகளை மாற்றியதும் நிலையாக வருகிறது. ஆனால் ஸ்டெப்புக்குப் பின் ஒரு சின்ன ரிங்கிங் தெரிகிறது. இது நிஜமா, சிமுலேட்டர் உண்டாக்குவதா?

---

நோடுவோல்டேஜ் எழுதியது:

டைம்ஸ்டெப்பைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். டிராபிசாய்டல் என்ற இன்டக்ரேஷன் முறையால் வரும் ரிங்கிங் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே கீழே என்று மாறி மாறி விழும். ஸ்டெப்பை மாற்றினால் அதன் ஃப்ரீக்வென்சியும் மாறும். இன்டக்ரேஷன் முறையை கியருக்கு மாற்றினால் காணாமல் போகும். நிஜ ரிங்கிங் ஸ்டெப்பைப் பாதியாக்கினாலும் அதே ஃப்ரீக்வென்சியில் இருக்கும். ஆனால் கியரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது நிஜ ரிங்கிங்கையும் கொஞ்சம் அமுக்கிக் காட்டும்.

---

கம்பிவலை எழுதியது:

ஃப்ரீக்வென்சி மாறவில்லை. நிஜம்தான். அவுட்புட் வித்தியாசத்தில் சிறியது, சராசரியில் பெரியது.

---

பழையஸ்கோப் எழுதியது:

சராசரியில் பெரியது என்றால் ரிங் ஆவது காமன்-மோடு லூப். நிறையப் பேர் மறந்துவிடுவது இது. எஃப்டிஏ-வுக்குள் இரண்டு லூப்கள் ஓடுகின்றன. ஒன்று வித்தியாசத்தைக் கவனிப்பது, வெளியே உள்ள ஆர்எஃப், ஆர்ஜி வழியாக. இன்னொன்று இரண்டு அவுட்புட்டின் சராசரியை விஓசிஎம்மோடு ஒப்பிட்டுத் திருத்துவது, முழுக்க ஐசிக்குள்ளேயே. உங்கள் 100 மில்லிவோல்ட் சிக்னல் ஸ்டெப் இரண்டாவதைப் பெரிதாகத் தட்டவே இல்லை.

தனியாகத் தட்டுங்கள். சிக்னலைப் பூஜ்ஜியத்தில் வைத்து, விஓசிஎம் பின்னில் 50 மில்லிவோல்ட் ஸ்டெப் கொடுத்து, சராசரியை மட்டும் வரையுங்கள். முதலில் ஆர்சி இல்லாமல், அப்புறம் ஆர்சியோடு. விஓசிஎம் பின்னில் போர்டில் வரப்போகும் 100 நானோஃபாரட்டை இந்தச் சோதனைக்கு மட்டும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டெப் மழுங்கிவிடும்.

ஆர்சியோடுதான் ரிங் ஆகிறது என்றால் ஒரு வழி. கிரவுண்டுக்குப் போகும் 2.7 நானோஃபாரட்டுகளைக் குறைத்து, இரண்டு காலுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் போடுங்கள். நடுவே போட்டது டிஃபரன்ஷியல் சிக்னலுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடங்காகத் தெரியும். காமன்-மோடு லூப்புக்குத் தெரியவே தெரியாது, இரண்டு முனையும் ஒன்றாக ஏறி இறங்குவதால் அதில் கரண்ட் ஓடாது. உதாரணமாக நடுவே 1.2 நானோஃபாரட், கிரவுண்டுக்கு 300 பிகோஃபாரட். வித்தியாசத்துக்கு அதே 2.7, காமன்-மோடுக்கு வெறும் 300 பிகோ.

---

மூன்றாமாண்டு_ஈசிஇ எழுதியது:

சார், இடையில் ஒன்று. எங்கள் ப்ராஜெக்ட்டில் சென்சாரால் 4 கிலோ ஓமைத் தாங்க முடியாது. 40 கிலோ, 10 கிலோ என்று பத்து மடங்காக்கினால் கெயின் அதேதானே?

---

அரைஎல்எஸ்பி எழுதியது:

கெயின் அதேதான், ஸ்டெப் ரெஸ்பான்ஸ் அதே இருக்காது. இன்புட் பின்னில் ஐசி, டிராக் எல்லாம் சேர்த்து 2 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 40-ம் 10-ம் இணையாக 8 கிலோ ஓம். ஃபீட்பேக்கில் 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு போல் விழுகிறது. 4-1 ஜோடியில் அது 100 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. நூறு மெகாஹெர்ட்ஸுக்குமேல் ஓடும் ஐசியில் இந்தப் போல் ஃபேஸ் மார்ஜினை (லூப் நிலையாக இருப்பதற்கான இடைவெளி) தின்றுவிடும், ஓவர்ஷூட் பளிச்சென்று தெரியும்.

ஒவ்வொரு ஆர்எஃப்புக்கும் இணையாக 8 பிகோஃபாரட் போடு. 10 கிலோ × 8 பிகோவும் 40 கிலோ × 2 பிகோவும் சமம், ஃபீட்பேக் விகிதம் எல்லா ஃப்ரீக்வென்சியிலும் 0.8 ஆகிவிடும். சிக்னல் பேண்ட்வித் 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், உன் வேலைக்கு அது போதுமா பார்த்துக்கொள். சிமுலேஷனில் டிராக் கெபாசிட்டன்ஸைக் கையால் சேர்க்க மறக்காதே, மாடலுக்குள் ஐசியுடையது மட்டும்தான் இருக்கும்.

---

கம்பிவலை எழுதியது:

விஓசிஎம் ஸ்டெப் சோதனை செய்தேன். ஆர்சி இல்லாமல் சுத்தம், 2.7 நானோஃபாரட்டோடு ரிங். நடுவே 1.2, கிரவுண்டுக்கு 300 பிகோ என்று மாற்றியதும் சராசரி ஒரே ஒரு சின்ன ஓவர்ஷூட்டோடு அடங்கிவிடுகிறது. முழு ஸ்டெப்பின் செட்டிலிங் சுமார் 800 நானோசெகண்ட்.

ஏடிசியின் சாம்ப்ளிங் கெபாசிட்டரையும் ஸ்விட்ச்சோடு வைத்துப் பார்க்க வேண்டுமா?

---

அரைஎல்எஸ்பி எழுதியது:

கட்டாயம் வேண்டும். உங்கள் ஏடிசியில் 60 பிகோஃபாரட் என்று வைத்தால், ஸ்விட்ச் மூடும் கணத்தில் வோல்டேஜ் 60-ஐ 2,760-ஆல் வகுத்த அளவு, 2.2 சதவீதம் வரை சரியும். அதிலிருந்து அரை எல்எஸ்பிக்கு வர 8 டைம் கான்ஸ்டன்ட், 475 நானோசெகண்ட். அக்விசிஷன் நேரம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் சாம்ப்ளிங் கெபாசிட்டரை எந்த வோல்டேஜிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதை ஏடிசி டேட்டாஷீட்டைப் பார்த்து வையுங்கள். சிலவற்றில் முந்தைய சாம்ப்பிள் அப்படியே இருக்கும், சிலவற்றில் பூஜ்ஜியமாக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்று. ஸ்விட்ச் மாடலின் ஆன், ஆஃப் மாற்றம் திடீரென்று இருந்தால் சிமுலேஷன் திணறும். கன்ட்ரோல் பல்ஸுக்கு 1 நானோசெகண்ட் ரைஸ் டைமும் ஸ்விட்ச்சுக்கு நெகட்டிவ் ஹிஸ்டரிசிஸும் கொடுங்கள், எல்டிஸ்பைஸ் அப்போது வழுவழுப்பாக மாற்றும்.

---

பழையஸ்கோப் எழுதியது:

அதை ஓட்டும்போது டிசி ஆப்பரேட்டிங் பாயிண்ட்டைத் தவிர்க்கும் யூஐசி ஆப்ஷனைத் தொடாதீர்கள். எல்லா நோடும் பூஜ்ஜியத்தில் தொடங்கி, முதல் சில மைக்ரோசெகண்ட் காமன்-மோடு லூப் ஏறி வருவதைத்தான் பார்ப்பீர்கள், அது கிக்பேக் (ஸ்விட்ச் மூடும் கணத்தில் வரும் அந்தச் சரிவு) இல்லை. உண்மையான பவர்-ஆன் பார்க்க வேண்டுமென்றால் சப்ளையையே 0-இலிருந்து 3.3-க்கு ஒரு மில்லிசெகண்டில் ஏற்றுங்கள், இன்புட்டில் 10 வோல்ட் இருக்கும் நிலையில். சப்ளை வருவதற்கு முன்பே 4 கிலோ ஓம் வழியாகப் பின்னுக்குள் கரண்ட் தள்ளப்படும். 10 வோல்ட்டுக்கு அதிகபட்சம் 2.5 மில்லிஆம்பியர். ஐசியின் இன்புட் கரண்ட் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

கம்பிவலை எழுதியது:

எல்லை 10 மில்லிஆம்பியர். சரி. சாம்ப்ளிங் ஸ்விட்ச்சோடு ஓட்டிவிட்டு அலைகளை இங்கேயே போடுகிறேன். நாலு அலையும் சேர்த்து.